காலுறை மன்றாட்டு

வாலு,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டுப் போ.

இன்று பள்ளித் திருப்பலியில் நீ வாசிக்க எழுதிய மன்றாட்டை நேற்று நான் பேனாவால் அடித்துவிட்டேன். "காலையில் காலுறை தேடிக் கத்தும் அம்மாக்களுக்குப் பொறுமை தாரும்" என்று எழுதினால் யாருக்குத்தான் கோபம் வராது? "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்குறியாடி?" என்றேன். "பாரும்மா, இப்பவும் கத்துற!" என்றாய்.

படுத்த பிறகு அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்பாவுக்கும் தூக்கம் போயிற்று.

உங்கள் பள்ளி சிஸ்டர் சொந்தமாகத்தானே எழுதச் சொன்னார். நீ எழுதியதையே வாசி. உலக சமாதானத்தை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டுவிட்டேன். நர்ஸ் உடையிலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்காருவேன். நீ வாசித்து முடித்ததும் எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள் அல்லவா? அதில் உரக்கக் கேட்கும் குரல் என்னுடையது. அதையும் கத்தல் என்று சொல்லிவிடாதே.

அம்மா

காலுறை ஒன்றுதான் கிடைத்தது, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில். இன்னொன்றை நீயே தேடு. தேடும்போது கத்தாதே. அப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தார்.