இருபத்து மூன்றாவது கொத்தில் பெரியது எது

பிப்ரவரி 9
பாப்பாவுக்கு 99.4. நான்கு முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். பல் முளைக்கிறது என்கிறாள் நாத்தனார் ஷாலினி. பகலில் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் உள்ளறையில், ஆய்வேட்டோடு.

நாற்பத்தொரு கேலக்ஸிக் கொத்துகள். ஒவ்வொன்றிலும் மிகப் பிரகாசமான பெரிய கேலக்ஸி நடுவில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும் என்பது எதிர்பார்ப்பு. என் இருபத்து மூன்றாவது கொத்தில் அது வினாடிக்கு 640 கிலோமீட்டர் நகர்கிறது. பிஎச்டி பதிவு மார்ச் 31-இல் முடிகிறது. இந்த ஒன்றை வைத்தே முடித்துவிடலாம் என்கிறார் என் கைடு, மமதா மேடம்.

பிப்ரவரி 10
காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி 17
ஷாலினி திரையை எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, இத்தினி பெருசா இருந்துகினு எங்க ஓடுது? எங்கண்ணன் மாதிரி டிரெய்னப் புடிக்கவா?"

எங்கே என்று காட்டப் படத்தைப் பெரிதாக்கினேன். விளிம்பில் ஒரு புள்ளி. நம் பால்வீதி நட்சத்திரம், குறுக்கே நிற்கிறது. அதன் வெளிச்சத்தையும் சேர்த்து அளந்திருக்கிறேன். கழித்தால் இது இரண்டாமிடம். முதலிடம் பக்கத்தில் இருப்பது. நடுவில், அசையாமல்.

யார் கவனிக்கப் போகிறார்கள்? தேர்வாளர் படத்தைத் திறப்பாரா? மாட்டார். பாப்பா பொறந்த மாசம் அளந்தது — தூக்கமில்ல, கண்ணு எரிஞ்சிகினே இருந்துச்சு. அதுக்கு?

பிப்ரவரி 20
அந்த நட்சத்திரத்தைப் பற்றி மேடத்துக்கு எழுதிவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிப்ரவரி 24
என் கணவர் ரூபேஷோடு எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் பெங்களூரு. மேடம் திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி அள என்றார். நாள் போதாது, ஆறு மாத நீட்டிப்பு கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஆபீஸில் மனோகர் சார் குரலைத் தாழ்த்தினார். "கொழந்தைன்னு போடும்மா. கேள்வியே கேக்க மாட்டாங்க. வேற எழுதினா கமிட்டிக்குப் போவும், தள்ளிடுவாங்க."

பாப்பா இந்தத் தாளைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் — அவ இன்னா பண்ணா?

'பிரகாசத்தை அளந்ததில் என் பிழை' என்று எழுதினேன்.

மார்ச் 3
பதில் இல்லை. ரூபேஷ் ஒன்றே ஒன்று கேட்டார்: "கொழந்தைன்னு போட்டிருந்தா இன்னா கொறஞ்சிடும்?"

மார்ச் 12
கமிட்டியில் ஒருவர் அந்தப் படத்தையே கேட்டாராம். அனுப்பினேன். மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 19
மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். கேட்டது ஆறு.

முதல் கொத்திலிருந்து அளக்கிறேன். இன்று நான்கு முடிந்தன. நான்காவதில் பெரியது வினாடிக்கு 210 கிலோமீட்டர் நகர்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறுக்கே நட்சத்திரம் எதுவும் இல்லை.