மங்கியது மூட்டத்தால் அல்ல

டிக்கோயா

அன்பு மச்சானுக்கு,

நான் ஜெயித்துவிட்டேன்! கொழும்பிலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் உங்களிடம் சொல்லத் துடித்தேன். போனில் பேசினால் போன முறை போலச் சண்டையில் முடிந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மாடியில் பிள்ளைகளோடு தொலைநோக்கி வைத்து நான் படமெடுக்கும் விண்மீன் திரளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே. அதன் நடுவிலுள்ள கருந்துளையை நோக்கி வாயு விழுவது கூடினால் அந்த நடுப்பகுதி பிரகாசிக்கும், குறைந்தால் மங்கும். போன மாதம் அது சட்டென்று மங்கியதைக் கொழும்பிலுள்ள வானியல் ஆய்வாளர்களுக்கு எழுதி அனுப்பினேன். "அது உங்க மலை மூட்டமா இருக்கும் டீச்சர்" என்று அவர்கள் சிரித்தார்கள்.

நேற்று கொழும்பில் அவர்கள் நடத்திய கூட்டத்தில் அதே படங்களைத் திரையில் போட்டேன்.

"மூட்டம்னா பக்கத்து நட்சத்திரங்களும் மங்கணும்ல? அதெல்லாம் அப்படியேதானே இருக்கு?" என்று கேட்டேன். குரல் நடுங்கவேயில்லை, மச்சான்.

தலைமை தாங்கிய தனுஷிகா மேடம், இந்தியாவில் ஒரு பெரிய தொலைநோக்கியில் எடுத்த அளவுகளைக் காட்டினார். அங்கும் அதே நாளில் அதே மங்கல்!

"டீச்சர் சொன்னதுதான் சரி" என்று எழுந்து கைதட்டினார். அரங்கமே எழுந்தது. இனி எங்கள் பள்ளிக்கூடமும் அவர்களுடைய ஆய்வில் சேர்கிறது.

"அந்தக் குழாய வித்துட்டு கட்டாருக்கு வந்துரு" என்று அன்று போனில் சொன்னீர்கள். நான் வரவில்லை. லீவு கிடைத்ததும் நீங்கள் வாருங்கள். அந்த மங்கல் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கு நானே காட்ட வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள
பிடிவாதக்காரி