பிரித்துத் தைக்க வேண்டியது

அம்பத்தூர். ஐப்பசி, வெள்ளி இரவு.

இல்லை, கனகத்தை வேலையிலிருந்து நிறுத்த மாட்டேன். நிறுத்தச் சொன்ன முதலாளி காலையில் பதில் கேட்பார்.

யுத்தத்துக்குச் சிப்பாய்ச் சட்டை தைக்கும் எங்கள் கொட்டகையில், நான் மேற்பார்க்கும் பெண்களில், அவளைப் போலத் தைப்பவள் இல்லை. இன்று அவள் தைத்த காலர்கள் எல்லாம் கோணல். "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்றார் முதலாளி. சட்டையைப் பிடுங்கி அவர் காலடியில் எறிந்துவிட்டு வெளியே நடந்தாள்.

பின்னாலேயே போனேன். அவள் அழவில்லை.

"யார் கெடுத்தாலும் என் தலையிலதான் கட்றீங்க. தெரியாமத்தான் கேக்கறேன்மா, நல்லா தைக்கிறது என் குத்தமா? ஊட்டுக்குப் போனா புள்ள சிரிச்சாக்கூட எரிச்சலா கீது."

மற்றவர்கள் கெடுத்ததைப் பிரித்துத் தைக்க அவளிடம் அனுப்பியவள் நான். திறமைக்கு மரியாதை என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக அவள் யாரோடும் பேசவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் மனோதத்துவம் படித்தவள் நான்!

இனி அவரவர் கெடுத்ததை அவரவரே பிரிக்கட்டும். முதலாளியிடம் இதைத்தான் சொல்வேன். அவள் போனால் நானும் போகிறேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது, அது பிறகு.

அவள் எறிந்த சட்டை என்னிடம்தான் இருக்கிறது. காலரைப் பிரித்து நானே தைத்துப் பார்த்தேன். கோணல்.

மறுபடி பிரித்தேன்.