இலை மட்டும் போதுமாம்

டொரன்டோ
6 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் எனக்கு எப்போதும் அவசரம் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் சன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. அதுவும் நம் கரையான்சாவடி வீட்டுப் பூந்திக்கொட்டை மரமும் ஒரே குடும்பம் என்றால் நம்புவாயா? லிச்சியும் அந்தக் குடும்பம்தான். அதை மனிதர்கள் இரண்டு இடங்களில் தனித்தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள் என்று மரபணுவைப் படித்தே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆய்வுக்கூடம் இப்போது பூந்திக்கொட்டையை ஆய்வுக்கு எடுத்திருக்கிறது.

ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா டேராடூன் விதையில் வளர்த்த வடநாட்டு மரமும், பக்கத்திலேயே நம்மூர் மரமும் நின்றனவே. அவற்றின் அடியில் முளைத்த கன்றைத்தானே நீ பெயர்த்து வந்து வைத்தாய்? இரண்டு இனமும் கலந்த மரமாக இருக்கலாம் என்று சொன்னதும் என் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆவடி மரங்கள் இரண்டையும் வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் மரம் மட்டும். சில இலைகளைக் காயவைத்துத் தபாலில் அனுப்புவாயா?

உன்
கார்த்திகா


கரையான்சாவடி
2 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் கார்த்திகாவுக்கு, அன்னை முத்தம்மாள் ஆசி கூறி வரைவது.

உன் மடல் கிடைக்கப்பெற்றேன். மேப்பிளும் பூந்தியும் ஒரே குடும்பம் என்பதை நான் முன்பே படித்திருக்கிறேன். நம் வேலியில் படரும் முடக்கத்தானும் அக்குடும்பமே. அதன் தோசைக்கு நீ முகம் சுளித்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிதான் என்னை விட்டது. படிப்பை நான் விடவில்லை.

இலை அனுப்ப இயலாது. இந்நாட்டு உயிர்ப்பொருளை ஆய்வுக்காக அயல்நாட்டுக்கு அனுப்ப அரசின் அனுமதி வேண்டும். பூந்தமல்லி நூலகத்தில் படித்து இதனை உறுதிசெய்துகொண்டேன். மேலும், இலையைக் கொண்டு மரத்தை முழுதும் அறிந்துவிட முடியாது. கார்த்திகையில் அது பூக்கும். ஒரே மரத்தில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் முறைவைத்து மலரும் ஒழுங்கை அருகில் நின்றுதான் காண வேண்டும். ஆகவே உரிய அனுமதி பெற்று நீயே நேரில் வருவதுதான் முறை. உன் தந்தையின் காரியத்துக்கு வந்துபோனவள், அதன்பின் வரவில்லை.

பட்டுச் சேலைகளை இன்றும் பூந்திக்கொட்டை நுரையில்தான் அலசுகிறேன். உடுத்திச் செல்லும் இடங்கள் குறைந்துவிட்டன, அலசுவது குறையவில்லை.

இங்ஙனம்,
உன் அன்னை
முத்தம்மாள்


டொரன்டோ
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சட்டம் பேசி என்னை மடக்கிவிட்டாய். உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். "உங்கள் அம்மா சொல்வது சரி, பூக்கும்போது போய்ப் பாருங்கள்" என்றார். களப்பணி என்று எழுதி என் பயணத்துக்குப் பணம் கேட்டிருக்கிறோம். கார்த்திகையில் வருகிறேன் அம்மா. முடக்கத்தான் தோசையும் சாப்பிடுகிறேன், போதுமா?

உன்
கார்த்திகா


கரையான்சாவடி
20 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு ஆசிகள்.

உன் மடலை இருமுறை வாசித்தேன். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கொசுவலை புதிது. மரத்தைச் சுற்றியிருந்த சருகுகளை நானே கூட்டி அப்புறப்படுத்தினேன். நீ அண்ணாந்து பார்த்து நடக்கும்போது கால் இடறக் கூடாது.

எதிர்வீட்டுப் பொன்னம்மாளிடம் செய்தியைக் கூறினேன். அவள் உரைத்ததை அவள் சொற்களிலேயே தருகிறேன்: "வந்தாப்பலதான் போக்கா. போன வருசமும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தே." இம்முறை பல்கலைக்கழகமே அனுப்பிவைக்கிறது என்று விடையிறுத்தேன்.

விமானம் இறங்கும் நேரத்தைத் தெரிவி. வானகரம் வழியாக வந்தால் நெரிசல் குறைவு என்கிறார்கள்.

இங்ஙனம்,
உன் அன்னை
முத்தம்மாள்


டொரன்டோ
21 அக்டோபர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் எங்களோடு சேர்ந்திருக்கிறது. அவர்களே வந்து பறித்து, அங்கேயே மரபணுவைப் படித்துவிடுவார்களாம். இங்கே கணினிக்கு வருவது அதன் எழுத்துகள் மட்டும். எந்தப் பொருளும் நாட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பூவையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தேன். இலை மட்டும் போதுமாம்.

அதனால் திட்டத்திலிருந்து என் பயணத்தை நீக்கிவிட்டார்கள். நானாகப் புறப்படலாம் என்றால் வகுப்புகள் நடக்கும் நேரம். பொங்கலுக்கு முயல்கிறேன். அந்த நிறுவனத்திலிருந்து யூசுப் என்பவர் வருவார், நல்ல மாதிரி. கோபப்படாமல் இலை கொடு அம்மா.

உன்
கார்த்திகா


கரையான்சாவடி
24 ஜனவரி 2025

அன்பு மகள் கார்த்திகாவுக்கு ஆசிகள்.

பொங்கல் நல்லவிதமாகக் கழிந்தது. வர இயலாததற்கு நீ போனில் கூறிய காரணங்கள் நியாயமானவை. மறுபடியும் விளக்கி எழுத வேண்டாம்.

யூசுப் கார்த்திகையில் வந்தார். மரம் ஏறுவதற்கு தேவா என்பவரை உடன் அழைத்து வந்திருந்தார். மரம் நிறையப் பூவும் தேனீயும். இளம் இலைகள் எந்தக் கிளையில் உள்ளன என்று நான் காட்டினேன். தேவா பறித்தவற்றை யூசுப் சிறு பைகளில் இட்டு முத்திரை வைத்தார். வேலை விரைவில் முடிந்துவிட்டது. பூக்களைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதை அவர் மரியாதையோடு நின்று கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நம் மரம் கலப்பே என்று முடிவு வந்துள்ளதாக நேற்று அவர் தெரிவித்தார். தாய் வடக்கு, தந்தை தெற்கு. உனக்கு இது முன்னரே வந்திருக்கும். பேராசிரியருக்கு என் வாழ்த்தைத் தெரிவி.

எழுத வேண்டியது இன்னொன்று உண்டு. அன்று தேவா மரத்திலிருந்து இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, இம்மாம் பெரிய ஊட்ல ஒண்டியாவா கீறே?" என்றார். இல்லை, பொங்கலுக்கு என் மகள் வந்துவிடுவாள், இனி என்னோடுதான் இருப்பாள் என்று கூறிவிட்டேன். "அப்போ சரிம்மா, நல்லாருங்க" என்று மகிழ்ந்து போனார்.

காய் முற்றியதும் பங்குனியில் அவ்விருவரும் மறுபடி வருவார்கள். தேவா கட்டாயம் உன்னைக் கேட்பார். எதற்கும் எனக்கு வாக்கியம் அமையாமல் போனதில்லை, இதற்கு அமையவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீ எழுதி அனுப்பு. அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இங்ஙனம்,
உன் அன்னை
முத்தம்மாள்