வெளியாளாக வந்து நின்றவர்

என் அருமை ரைட்டரப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள், டிவி சீரியல்காரிகளோடு தினமும் சண்டை போடுகிறாள். என் கிளினிக்கிலும் கூட்டம் குறையவில்லை. குரங்கைப் பார்த்துப் பயந்துபோன நாய்களைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடையிலும் டூரிஸ்டுகள் வந்தார்கள்.

டைகரும் நன்றாக இருக்கிறான் அப்பா. மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாழவந்தியிலிருந்து ராஜாமணி அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? சிலிண்டர் போட வந்தவரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டிருந்தான். அதற்கு முன்பும் இரண்டு பேர். ஊரில் எல்லோரும் சேர்ந்து பேசிவிட்டார்கள். "ஊசி போட்டு முடிச்சிருங்க டாக்டரம்மா, வேற வழியில்லீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா சுவரைப் பார்த்து அழுதார். காப்பித் தோட்டத்தில் தனியாக இருக்கிற அவருக்கு அவனை விட்டால் யார்?

டைகருக்கு வெறியும் இல்லை, திமிரும் இல்லை. புது ஆளைக் கண்டால் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தை மெல்ல மெல்ல மாற்றலாம். ஆனால் அதற்குத் தினமும் ஒரு வெளியாள் வந்து கேட்டுக்கு அந்தப்பக்கம் நிற்க வேண்டும். அவர் நிற்கும்போது டைகருக்குக் கோழி ஈரல் கிடைக்க வேண்டும். அவர் போனதும் ஈரலும் நின்றுபோக வேண்டும். யாரைக் கேட்டாலும் நழுவினார்கள். ஊசியே போட்டுவிடலாம் என்று நானும் முடிவெடுத்துவிட்டேன்.

அன்று ஊட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னதும் நீங்கள்தான் கேட்டீர்கள்: "ஏன் கண்ணு, நான் வந்து நின்னா ஆகாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலிபத்தில் எஸ்டேட் பங்களா நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட ஆள் நீங்கள். நான் கால்நடை மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது, "மாட்டோட நிறுத்திக்க சாமி, நாய்ப்பக்கம் போகாத" என்று சொன்னவர். கிளினிக்குக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கமே நின்று கூப்பிடுவீர்கள்.

ஆனாலும் மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு பைக் பக்கத்தில் நின்றீர்கள்.

இருபது அடி தள்ளி நிற்கவைத்தேன். நாயின் கண்ணைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், அசையக் கூடாது, பேசக் கூடாது. முதல் மூன்றையும் அச்சுப் பிசகாமல் செய்தீர்கள். பேச்சை மட்டும் உங்களால் விட முடியவில்லை. "ஏனுங்க டைகரு, நானுங்க, ரைட்டருங்க. சும்மா பாத்துட்டுப் போலாமின்னுங்க." எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகத் துரைகளிடம் பேசிய அதே குரலில் ஒரு நாட்டு நாயிடம் பேசினீர்கள். ராஜாமணி அக்கா ஈரல் தட்டோடு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆறு வாரம். ஒரு நாளும் தவறவில்லை. மழை நாளிலும் குடையோடு நின்றீர்கள், குடைக்கும் சேர்த்து அவனைப் பழக்கினோம். இருபது அடி பத்தாகி, பத்து நாலாகி, கடைசியில் கேட்டைத் திறந்து நீங்கள் உள்ளே போனபோது டைகர் உட்கார்ந்து வாலை ஆட்டினான். ஒரு தப்பும் நடந்துவிட்டது. "ஏனுங்க" என்றால் ஈரல் வருகிறது என்று அவன் படித்துக்கொண்டான். இந்த மலையில் ஏனுங்க சொல்லாமல் யார் கேட்டுக்கு வருகிறார்கள்? "திருடன் வந்து ஏனுங்கன்னாலும் உக்காந்துக்குவான் போலிருக்குதுங்க" என்று அக்கா இன்றும் குறைப்படுகிறார். அதற்குப் பிறகு அவன் யாரையும் கடிக்கவில்லை.

உங்கள் நாய்ப்பயம் அதோடு போய்விட்டது என்று நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். போன வாரம் பூண்டு உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"பயம் போச்சா? வாழவந்திக்குக் கெளம்புற நாளெல்லாம் அவருக்கு ஒரு இட்லி எறங்காது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா புள்ளை அந்த நாய்க்கு ஊசியப் போட்டுருவா, அப்புறம் ரெண்டு நாளைக்குச் சோறு திங்கமாட்டா, அதைப் பாக்கறதுக்குப் பதிலா நாய்கிட்டயே நின்னுக்கறேன்னாரு."

நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், பயமாகவும் இருக்கலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற டாக்டர் நான். அந்த ஆறு வாரமும் பைக்கில் என் முதுகுக்குப் பின்னால் வாழவந்தி வரைக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தீர்கள். ராத்திரி தூங்கலையா என்று கேலி செய்தேனே அப்பா. "வயசாச்சுல்ல கண்ணு" என்றீர்கள். நானும் நம்பிவிட்டேன்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? நன்றி என்று உங்கள் முகத்தைப் பார்த்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். டைகரின் உயிருக்கும், நான் சாப்பிட்ட அத்தனை வேளைக்கும் நன்றி அப்பா.

நாளைக் காலை குப்பனூரில் இன்னொரு நாய். வெளியாளாக நிற்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நாயைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்ப்பேன். பயமாக இருக்கிறதா என்று கேட்பேன், காலையில் சாப்பிட்டாரா என்றும் கேட்பேன். இல்லை என்றால் இரண்டு பேரும் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவோம், நாய் காத்திருக்கட்டும். இது சத்தியம்.

உங்கள் புள்ளை,
செல்வி