தார்ப் பரலின் மேல் ஒரு சமன்பாடு

என் உயிரான அக்காவுக்கு,

நீ கண்மூடிப் போன பிறகு இது இரண்டாவது மாரி. வாவி நிறைந்து தெருவரைக்கும் வந்து நிற்கிறது. ஆமி பாதையைத் திறந்துவிடும் நாளில் அரிசி வியாபாரம் ஓடுகிறது. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. உன் மகள் நேற்று விஞ்ஞானப் பரீட்சை எழுதிவிட்டாள். எழுதுவாளா என்று காலையில் எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

நீ படிப்பித்த பாடத்தில் அவள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இரசாயனச் சமன்பாட்டைச் சமப்படுத்தச் சொன்னால், முன்னால் எண் போடமாட்டாள். குறியீட்டின் காலடியில் இருக்கிற சின்ன எண்ணை மாற்றிவிடுவாள். கணக்குச் சரிவரும், பொருள் வேறாகிவிடும். ஆலைக்காரன் ஒருவன் மூட்டையைப் பிரித்து, குறுநொய் கலந்து தைத்துத் தந்துவிட்டான் என்று நான் கத்திக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? நீ சிரித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாய். "கேட்டியா புள்ள, மூட்டைக்குள்ள கை வைக்கப்படாது. வேணுமெண்டா இன்னொரு மூட்டை அடுக்கு." என் வியாபாரத்தைக் களவெடுத்துப் பாடம் நடத்துகிறாய் என்று உன்னோடு சண்டை பிடித்தேன்.

நேற்றுக் காலை பாலத்துச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், பஸ்ஸிலிருந்த எல்லாரையும் இறக்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுடைய பையைக் கிளறிய ஆமிக்காரனின் கையில், பயிற்சிக்கு எழுதிய தாளொன்று அகப்பட்டது. ஆங்கில எழுத்துகள், எண்கள், அம்புக்குறிகள். குண்டு செய்கிற குறிப்பென்று நினைத்தானோ என்னவோ, அவன் முகம் மாறிப்போனது. அவளைத் தனியே நிற்க வைத்தார்கள். அப்படி நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், அக்கா? யாரோடு எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவன் என ஊரில் எனக்குப் பேர். பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று ஒருதரம் சொன்னேன். அந்தப் பேர் அங்கே உதவவில்லை.

இளம் அதிகாரி ஒருவன் வந்தான். தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மண் நிரப்பி அடுக்கியிருந்த தார்ப் பரலில், அந்த இரும்புப் பீப்பாயில், துருவாகப் பிடித்திருந்த கறளை விரலால் சுரண்டிக் காட்டினான்.

"ஸ்கூல் பிள்ளைதானே? இது எப்படி வாறது, எழுது."

அந்தத் தாளையே புரட்டிப் பரலின் மேல் வைத்து எழுதினாள். இரும்பு, ஒட்சிசன், அம்புக்குறி, கறள். பிறகு பேனை ஒட்சிசனின் காலடியில் இருந்த சின்ன இரண்டுக்குப் போனது. அந்த இடம் எனக்குத் தெரியும். வாய் திறந்தால் நான் சொல்லிக்கொடுத்தேன் என்றாகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேனை நின்றது. "மூட்டைக்குள்ள கை வைக்கப்படாது," என்று வாய்க்குள் சொன்னாள். உன் குரல்தான் அது.

4Fe + 3O₂ → 2Fe₂O₃

அதிகாரி இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து எண்ணினான். இரும்பு நாலும் நாலும், ஒட்சிசன் ஆறும் ஆறும். அவனும் எங்கேயோ ஒரு பள்ளிக்கூட வாங்கில் இருந்து இதையேதான் படித்திருக்கிறான். தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தான். பேனையைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஓடு. எக்ஸாம்."

சோதனை முடிந்தவர்கள் பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும்; பாதி வரைக்கும் நடந்தோம். பிறகு அவள் கேட்டாள். "மாமா, நான் பிழையா எழுதியிருந்தா?"

"மறுகா என்ன, நானும் உன்னோட உள்ளுக்க இருந்திருப்பன். நட புள்ள, நேரம் போகுது."

சிரித்தாள். அவள்தான் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

பரீட்சையிலும் ஒரு சமன்பாடு வந்ததாம். "அது லேசு மாமா, மழையில்ல, ஆமியிட துவக்கில்ல," என்றாள். நேற்றிரவு எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மறைக்காமல் சொல்கிறேன், பரீட்சை முடிய அவளுக்கு ஒரு சம்பந்தம் பார்க்கலாம் என்றிருந்தேன். இந்தக் காலத்தில் குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் பயம். அந்த நினைப்பைப் பாலத்திலேயே விட்டுவிட்டேன். அவள் படிக்கட்டும். வந்தாறுமூலைக் கம்பஸ் வரைக்கும் எத்தனை சென்றி வந்தாலும், ஒவ்வொன்றிலும் இறங்கி அவளுக்குப் பின்னால் நான் நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் சண்டைக்காரத் தம்பி.