சொல்லாமல் வந்து எங்கள் ஏரித் தண்ணீரைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செ. விக்னேஸ்வரி,
மூன்றாம் லைன், செரோஜா தேயிலைத் தோட்டம்,
ரிங்லெட், கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
திரு. அமிர்தலிங்கம் அவர்கள்,
நீர்த் தரக் கண்காணிப்பு அதிகாரி,
கேமரன் மலை.

பொருள்: தோட்டத்து ஏரியின் பழைய அறிக்கைகளை ஒதுக்கிவைத்து, முன்னறிவிப்பின்றி மீண்டும் மாதிரி எடுக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தோட்ட ஆபீசில் பெருக்கித் துடைத்துத் தேநீர் போடுபவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாங்கள் வரும்போது ஏரிக்கரைக்கு இஞ்சித் தேநீர் கொண்டுவருபவள் என்றால் நினைவு வரும்.

2. தாங்கள் வருவதாக முதல் நாளே ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குப் போன் வந்துவிடும். உடனே கங்காணி சிங்காரம், "நாளைக்கு ஆபீசர் வராரு லா, ஏரிக்கரைய பளிச்சுனு வச்சிடுங்க" என்பார். விருந்தாளி வரும் வீட்டைப் போல நாங்கள் ஏரியைத் தயார் செய்வோம். மேலேயுள்ள காய்கறித் தோட்டங்களின் கோழி எருவும் பூச்சி மருந்தும் கலந்து வரும் ஓடைக்குப் பலகை போட்டு, அந்தத் தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் திருப்பிவிடுவோம். படித்துறையில் மிதக்கும் பாசியை நானே முறத்தால் அள்ளிக் கொட்டியிருக்கிறேன். மறுநாள் காலை தாங்கள் அதே படித்துறையில்தான் போத்தலை முக்குவீர்கள். சத்தியமாக யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பெரிய மனிதர் வரும் இடம் அசிங்கமாக இருக்கக்கூடாது என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

3. இரண்டு ஆண்டுகளாக "தரம் திருப்திகரம்" என்ற அறிக்கை ஆபீஸ் பலகையில் தொங்குகிறது. அந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் லைன் வீட்டுக் குழாய்களில் வருகிறது. சென்ற மாதப் பெருமழைக்குப் பின் எங்கள் லைனில் ஒன்பது பேருக்கு வாந்திபேதி. ஏழு வயதான என் மகன் யோகேஸ் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊற்றுத் தண்ணீருக்குத் தனிக் குழாய் கேட்டு மேனேஜரிடம் போனோம். அவர் அந்த அறிக்கையைக் கழற்றி எங்கள் முன் வைத்தார். நான் பாசியை அள்ளியதால் வந்த தாள் அது என்று அப்போதுதான் உறைத்தது. முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது கோபம்தான் இருக்கிறது, பாதி என் மீதே.

4. ஆகவே ஐயா, இனி போன் செய்யாமல் வாருங்கள். மழை பெய்த மறுநாள் வாருங்கள். ஓடை ஏரியில் விழும் வாயிலும், எங்கள் வீட்டுக் குழாயிலும் மாதிரி எடுங்கள். முடிவை மேனேஜருக்கு அனுப்பும்போது லைனுக்கும் ஒரு பிரதி வேண்டும். தனிக் குழாய் வரும்வரை இந்த மனுவை நான் விடப்போவதில்லை.

5. ஓடைப் பலகையை இனி யாரும் தொடுவதில்லை என்று லைன் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டோம். கங்காணியும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்.

6. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. தங்கள் தேநீருக்கு மட்டும் ரிங்லெட்டில் பஷீர் பாய் கடையிலிருந்து போத்தல் தண்ணீர் வாங்கிவருவேன். குழாய்த் தண்ணீரில் போட்டால் வாடை அடிக்கும். அடுத்த முறையும் தேநீர் உண்டு. யோகேஸ் குடிக்கும் தண்ணீரில்தான் போடுவேன். தாங்கள் குடிக்க வேண்டாம், மோந்து பார்த்தால் போதும்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
செ. விக்னேஸ்வரி
(உடன்: கங்காணி சிங்காரம், மூன்றாம் லைன் குடும்பத்தார் 22 பேர்)

இடம்: ரிங்லெட்
நாள்: 12.11.2024